பாடியில் சிக்கனம், லென்ஸில் தாராளம்: முதல் டிஎஸ்எல்ஆர் வாங்கும் வழி

முதல் டிஎஸ்எல்ஆர் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பாடியைத்தான் விலை பேசுகிறார்கள். எத்தனை மெகாபிக்சல், எந்த வருட மாடல் என்று நாள் கணக்கில் விசாரிப்பார்கள். லென்ஸைப் பற்றிக் கேட்டால், “அது கூடவே வருது” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அந்த வரிசையை மாற்றச் சொல்வதற்காகவே இந்த அத்தியாயம். கேமராவுக்குள் எவ்வளவு வெளிச்சம் வரும், எவ்வளவு தூரம் எட்டும், முகத்துக்குப் பின்னால் நிற்கும் கூட்டம் தெளிவாகத் தெரியுமா, மங்கிப் போகுமா என்பதையெல்லாம் தீர்மானிப்பது லென்ஸ். பாடி சில வருடங்களில் பழசாகிவிடும். நல்ல லென்ஸை அடுத்த பாடியிலும், அதற்கடுத்ததிலும் மாட்டிக்கொள்ளலாம்.

மிரர்லெஸ் காலத்தில் டிஎஸ்எல்ஆர் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. கேனான் 2003இல் 300டி என்ற மாடலை ஆயிரம் டாலருக்குள் கொண்டுவந்தபோதுதான் இந்த வகைக் கேமரா சாதாரண ஆட்களின் கைக்கு எட்டியது. இப்போது கேனான், நிகான் இரண்டின் கவனமும் மிரர்லெஸ் பக்கம் போய்விட்டது. நிகான் தன் டி3500, டி5600 மாடல்களை நிறுத்தியே விட்டது. பணம் குறைவாக உள்ளவருக்கு இது நல்ல செய்தி. மிரர்லெஸுக்கு மாறியவர்கள் தங்கள் பழைய பாடிகளையும் லென்ஸ்களையும் விற்றுத் தள்ளுகிறார்கள்; செகண்ட் ஹேண்ட் விலை இறங்கியிருக்கிறது. பேட்டரியும் அதிக நேரம் தாங்கும்: டி3500இல் ஒரு சார்ஜுக்கு 1,550 படம் என்பது நிகான் தரும் கணக்கு. பின்னாளில் நீங்களும் மிரர்லெஸுக்கு மாறினால், கேனானின் இஎஃப் லென்ஸ்கள் அடாப்டர் வழியாகப் புதிய ஆர் வரிசை பாடிகளில் ஆட்டோஃபோக்கஸோடு வேலை செய்யும். நிகானின் ஏஎஃப்-எஸ் லென்ஸ்களுக்கும் எஃப்டிஇசட் அடாப்டர் இருக்கிறது. உங்கள் வேலையில் வீடியோதான் பாதிக்கு மேல் என்றால் மட்டும் இந்த அத்தியாயத்தை விட்டுவிட்டு மிரர்லெஸ் பக்கம் போங்கள். புகைப்படம்தான் முதல் ஆசை என்றால் தொடர்ந்து படியுங்கள்.

பணத்தைப் பங்கு பிரிப்பது

கையில் 40,000 ரூபாய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கடைக்காரர் 40,000 ரூபாய்க்கு ஒரு புதிய பாடியும் கிட் லென்ஸும் எடுத்து வைப்பார். பணம் முழுவதும் அங்கேயே தீர்ந்துவிடும். நான் பிரிக்கச் சொல்வது வேறு மாதிரி: பாடிக்கும் கிட் லென்ஸுக்கும் சேர்த்து 25,000, தனியாக ஒரு பிரைம் லென்ஸுக்கு (ஜூம் ஆகாத லென்ஸ்) 10,000, மீதி 5,000இல் மெமரி கார்டு, இன்னொரு பேட்டரி, ஈரம் புகாத பெட்டி. விலை ஊருக்கு ஊர் மாறும், மாதத்துக்கு மாதம் மாறும். கையிருப்பு கூடினாலும் குறைந்தாலும் இந்த விகிதத்தை விடாதீர்கள். இப்படிப் பிரித்தால் பாடியைச் செகண்ட் ஹேண்டில்தான் வாங்க முடியும் என்பது உண்மை. வாங்கலாம். எப்படிப் பார்த்து வாங்குவது என்பதைக் கீழே விரிவாகவே சொல்லியிருக்கிறேன்.

எந்தப் பாடி

மெகாபிக்சல் பற்றிய கவலையை முதலில் இறக்கி வையுங்கள். பழைய கேனான் 700டி, 1300டி ஆகியவற்றின் 18 மெகாபிக்சல் படம் 5184க்கு 3456 புள்ளி. அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சடித்தால் ஏறக்குறைய ஒரு ஏ3 தாள் நிறையும். வீட்டில் சட்டம் போட்டு மாட்டவும் போட்டிக்கு அனுப்பவும் இதற்கு மேல் தேவைப்படுவது அபூர்வம்.

புதிதாகத்தான் வேண்டும் என்பவர்களுக்குக் கடைகளில் அதிகம் காட்டப்படுவது கேனான் 1500டி. 24 மெகாபிக்சல், 9 ஃபோக்கஸ் புள்ளி, நொடிக்கு 3 படம். பின்திரை அசையாது, தொடுதிரையும் இல்லை. உட்கார்ந்திருக்கும் ஆளையும் நிலக்காட்சியையும் நன்றாகவே எடுக்கும்; ஓடியாடும் குழந்தையிடம் திணறும். அதைவிட மலிவாக வந்த 3000டியை வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. லென்ஸ் மாட்டும் வளையமே அதில் பிளாஸ்டிக். வியூஃபைண்டரில் கண் பவருக்கு ஏற்பச் சரிசெய்யும் சின்னச் சக்கரமும் கிடையாது. கண்ணாடி அணிகிறவர்களுக்கு இது தினசரித் தொல்லை. கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால் 200டி இரண்டாம் பதிப்பு நல்ல கேமரா. திருப்பக்கூடிய தொடுதிரை, மைக் செருகும் துளை, பின்திரை வழியாகப் பார்க்கும்போது வேகமான ஃபோக்கஸ் எல்லாம் உண்டு. ஆனால் அதன் ஃபிளாஷ் மாட்டும் தட்டில் நடுவில் இருக்க வேண்டிய தொடுமுனை கிடையாது. மற்றக் கம்பெனிகளின் மலிவான ஃபிளாஷ் பல இதில் எரியாது. ஃபிளாஷ் வாங்கும் எண்ணம் இருந்தால் மாட்டி, எரிகிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

செகண்ட் ஹேண்டில் என் முதல் தேர்வு 2013இல் வந்த இரண்டு பாடிகள்: கேனான் 70டி, நிகான் டி7100. இரண்டும் ஆரம்ப மாடல்களுக்கு ஒரு படி மேலே விற்கப்பட்டவை. 70டியில் 19 ஃபோக்கஸ் புள்ளி, நொடிக்கு 7 படம். டி7100இல் 51 புள்ளி, கார்டு போட இரண்டு இடம். இவற்றைவிட முக்கியமாக நான் நினைப்பது இரண்டிலும் உள்ள இரட்டைச் சக்கரங்களை. ஷட்டருக்கு ஒன்று, அப்பர்ச்சருக்கு (லென்ஸின் திறப்பு) ஒன்று. ஆரம்ப மாடல்களில் ஒரே சக்கரம்தான். மேனுவலில் அப்பர்ச்சரை மாற்ற ஒரு பட்டனை அழுத்திக்கொண்டே சக்கரத்தைத் திருப்ப வேண்டும். கற்றுக்கொள்கிறவர் மேனுவலை வெறுத்து ஆட்டோவுக்கே திரும்புவதற்கு இது ஒரு காரணம். எடை தாங்காது, கைக்கு அடக்கமாக வேண்டும் என்றால் நிகான் டி3500 போதும். லென்ஸும் பேட்டரியும் இல்லாமல் 365 கிராம்தான்.

நிகான் பக்கம் போகிறவர்கள் ஒன்றை மனப்பாடமாக வைத்துக்கொள்ள வேண்டும். டி3000, டி5000 வரிசைப் பாடிகளுக்குள் ஃபோக்கஸ் மோட்டார் கிடையாது. மோட்டார் லென்ஸுக்குள் இருந்தால்தான் ஆட்டோஃபோக்கஸ் நடக்கும். ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி என்று பெயர் தொடங்கும் லென்ஸ்களில் மோட்டார் உண்டு. பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களில் இல்லை. 50 மி.மீ. எஃப் 1.8டி என்ற லென்ஸ் செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கும். விலையைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கி டி3500இல் மாட்டினால் ஃபோக்கஸைக் கையால்தான் திருப்பிக்கொண்டிருக்க வேண்டும். அதே லென்ஸ் டி7100இல் ஆட்டோவாகவே ஓடும், ஏனென்றால் அந்தப் பாடிக்குள் மோட்டார் இருக்கிறது. இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு: ஏஎஃப்-பி லென்ஸ்கள் டி90, டி3100, டி5100 போன்ற பழைய பாடிகளில் ஃபோக்கஸே ஆகாது. டி7100இலும் அவற்றின் எல்லா வசதியும் கிடைக்காது. ஆகவே பாடியையும் லென்ஸையும் தனித்தனி இடத்தில் வாங்குவதானால், பாடியைக் கையோடு எடுத்துப்போய் மாட்டிப் பாருங்கள். கேனானில் இந்தத் தலைவலி இல்லை. இஎஃப், இஎஃப்-எஸ் இரண்டு வகையும் மேலே சொன்ன எல்லாப் பாடிகளிலும் ஆட்டோஃபோக்கஸ் ஆகும்.

கிட் லென்ஸும் அதன் எல்லையும்

பாடியோடு வருவது 18-55 மி.மீ. லென்ஸ். கிட் லென்ஸ் என்றதும் முகம் சுளிப்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். பகல் வெளிச்சத்தில், அப்பர்ச்சரை எஃப் 8இல் வைத்து எடுத்தால் மிகத் தெளிவான படம் தரும். எந்தத் தூரத்தில் எடுப்பது உங்களுக்குப் பிடிக்கிறது என்று கண்டுபிடிக்க இதைவிட மலிவான ஆசான் இல்லை. வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி உள்ளதா என்பது. கேனானில் ஐஎஸ் என்றும் நிகானில் விஆர் என்றும் லென்ஸின் மேலேயே எழுதியிருக்கும். இரண்டு கம்பெனிகளும் இந்த வசதி இல்லாத 18-55ஐயும் விற்றிருக்கின்றன. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். எழுத்தைப் படித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

கிட் லென்ஸ் தோற்கும் இடம் கல்யாண மண்டபம், கோயில் பிரகாரம், இரவு நேரத்து வீடு. 55 மி.மீ.யில் அதன் அப்பர்ச்சர் எஃப் 5.6க்கு மேல் திறக்காது (எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது). எஃப் 1.8 லென்ஸ் அதைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். கிட் லென்ஸில் ஷட்டர் 1/15 நொடிக்கு இறங்கி, தாலி கட்டும் கை வெறும் கோடாகப் பதிகிற அதே இடத்தில், இந்த லென்ஸில் 1/150 நொடி கிடைக்கும். கை நின்றுவிடும், முகம் தெளியும். பாடியை எவ்வளவு விலை ஏற்றினாலும் இந்தப் பத்து மடங்கு சுலபத்தில் கிடைக்காது. பத்தாயிரம் ரூபாயைத் தனியே எடுத்து வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

கேனான்காரர்களுக்கு அந்த லென்ஸ் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம். 2015இல் வந்தது, 160 கிராம். இதற்கு முந்தைய பதிப்பும் செகண்ட் ஹேண்டில் சுற்றுகிறது. அதன் வளையம் பிளாஸ்டிக், மோட்டார் சத்தம் போடும். சில நூறு ரூபாய் மிச்சத்துக்காக அதை வாங்க வேண்டாம். நிகான்காரர்கள் 35 மி.மீ. எஃப் 1.8ஜி டிஎக்ஸ் லென்ஸை வாங்குங்கள்.

ஏன் ஒருவருக்கு 50, இன்னொருவருக்கு 35? இந்தப் பாடிகளின் சென்சார் ஃபிலிம் அளவைவிடச் சின்னது. அதனால் லென்ஸின் பார்வை குறுகும்: கேனானில் 1.6 மடங்கு, நிகானில் 1.5 மடங்கு. கேனானில் மாட்டிய 50 மி.மீ. லென்ஸ் ஃபிலிம் கேமராவின் 80 மி.மீ. போலப் பார்க்கும். ஓர் ஆளின் முகம், மார்பளவுப் படம், மேடையில் ஆடும் பெண் ஆகியவற்றுக்கு அருமையான பார்வை அது. ஆனால் பத்துக்குப் பத்து அறையில் குடும்பத்தை நிற்க வைத்து எடுக்கப் போனால் முதுகு சுவரில் இடிக்கும். நிகானில் மாட்டிய 35 மி.மீ. ஏறக்குறைய 52 போலப் பார்க்கும். அறைக்குள்ளும் வேலை செய்யும், முகத்துக்கும் பரவாயில்லை. வீட்டையும் தெருவையும்தான் எடுக்கப் போகிறேன் என்கிற கேனான்காரருக்கு 24 மி.மீ. எஃப் 2.8 எஸ்டிஎம் பொருத்தமாக இருக்கும். 125 கிராம், பாடியில் இருப்பதே தெரியாத அளவுக்குத் தட்டையானது. வெளிச்சம் 50ஐவிடக் குறைவாகத்தான் வாங்கும். அதற்குப் பதிலாக இடம் கிடைக்கும்.

இரட்டை லென்ஸ் சலுகை

பண்டிகைக் காலத்தில் பாடியோடு இரண்டு லென்ஸ் தரும் பெட்டி விற்பனைக்கு வரும். இரண்டாவது லென்ஸ் கேனானில் 55-250; நிகான் விற்ற பெட்டிகளில் 70-300. வேடந்தாங்கலுக்கும் பள்ளிக்கரணைக்கும் போய்ப் பறவை எடுக்க வேண்டும் என்ற தீர்மானம் இருந்தால் தாராளமாக வாங்குங்கள், 250 மி.மீ. இந்தச் சென்சாரில் 400 மி.மீ. போல எட்டும். கேனானில் முடிந்தால் எஸ்டிஎம் என்ற எழுத்துள்ள 55-250ஐத் தேடுங்கள். தெளிவிலும் ஃபோக்கஸ் வேகத்திலும் அது மேல். 75-300 என்ற மலிவு லென்ஸில் கை நடுக்கத்துக்கு எந்த உதவியும் இல்லை. தூரப் பார்வையில் கையசைவு பல மடங்காகப் பெரிதாகும் என்பதால் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

பறவை எடுக்கும் எண்ணமே இல்லாதவர் இரட்டைப் பெட்டியை வாங்கினால், இரண்டாவது லென்ஸ் பீரோவில்தான் இருக்கும். அதே பணத்துக்குப் பிரைம் கேளுங்கள். பெட்டியோடு இலவசம் என்று தரும் டிரைபாட், பை, லென்ஸ் முன்னால் திருகி மாட்டும் ‘வைடு’, ‘டெலி’ கண்ணாடிகள் ஆகியவற்றைக் கணக்கில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். அந்தக் கண்ணாடிகள் நல்ல லென்ஸையும் கெடுக்கும். அவற்றுக்குப் பதில் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

பர்மா பஜார் போன்ற இடங்களில் புதுப் பெட்டியே சில ஆயிரம் குறைவாகக் கிடைப்பதற்குக் காரணம், அதில் பல இந்திய வாரண்டி இல்லாமல் வெளியிலிருந்து வருபவை. சீரியல் எண் எழுதிய ஜிஎஸ்டி பில், இந்திய வாரண்டி அட்டை இரண்டும் இல்லாத புதுக் கேமராவுக்குச் செகண்ட் ஹேண்ட் விலைக்கு மேல் கொடுக்காதீர்கள்.

பழைய கேமராவைச் சோதிப்பது

பகலில் போங்கள். விற்பவர் வீட்டுக்கே போவது நல்லது. கேமராவை எப்படி வைத்திருந்தார் என்பது அங்கேயே தெரிந்துவிடும். கையில் உங்கள் சொந்த மெமரி கார்டு, டார்ச், முடிந்தால் லேப்டாப்.

முதலில் ஷட்டர் எண்ணிக்கை. நிகானில் ஒரு படத்தை உங்கள் கார்டில் எடுத்து, அதனுள் பதிந்திருக்கும் விவரத்தைப் பார்த்தால் எண்ணிக்கை இருக்கும். கேனானின் பெரும்பாலான மாடல்களில் படத்தில் அது பதியாது. யூஎஸ்பி வயர் போட்டு அதற்கான மென்பொருளில்தான் படிக்க வேண்டும். டி3500 போன்றவற்றின் ஷட்டரை நிகான் ஒரு லட்சம் முறைக்குச் சோதித்திருக்கிறது, டி7100ஐ ஒன்றரை லட்சத்துக்கு. அந்த எண்ணைத் தாண்டியதும் ஷட்டர் நின்றுவிடும் என்று பொருளில்லை, ஆனால் விலையைக் குறைத்துக் கேட்க அது போதுமான காரணம். வீட்டு உபயோகத்தில் இருந்த கேமரா பத்து வருடத்திலும் முப்பதாயிரத்தைத் தாண்டாமல் இருக்கலாம். கல்யாண ஸ்டுடியோவில் இருந்தது இரண்டே வருடத்தில் லட்சத்தைத் தொட்டுவிடும். அத்தோடு, மணிக்கணக்கில் வீடியோ ஓடிய கேமராவில் ஷட்டர் எண்ணிக்கை குறைவாகவே காட்டும். பிடிமான ரப்பர் வழவழத்துத் தளர்ந்திருந்தால், எழுத்துகள் தேய்ந்திருந்தால், எண்ணைவிட அதை நம்புங்கள்.

அடியிலும் பக்கத்திலும் உள்ள திருகாணிகளின் தலை கீறியிருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். ஏன் என்று கேளுங்கள். கார்டு போடும் இடம், பேட்டரி மூடி, உள் ஃபிளாஷ், ஒவ்வொரு பட்டன், சக்கரம் எல்லாவற்றையும் ஒரு முறை இயக்கிப் பாருங்கள். அப்பர்ச்சரை எஃப் 16இல் வைத்து வெளிச்சமான வெள்ளைச் சுவரை ஃபோக்கஸ் இல்லாமல் எடுத்துப் பெரிதாக்குங்கள். மங்கலான சாம்பல் புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் தூசி, துடைத்துவிடலாம். கூர்மையான கோடு ஒரே இடத்தில் எல்லாப் படத்திலும் வந்தால் கீறல், விட்டுவிடுங்கள். மூடியைப் போட்டபடியே சில நொடி ஷட்டரைத் திறந்து ஒரு படம் எடுங்கள். கறுப்பில் நிறைய வண்ணப் புள்ளிகள் மின்னினால் சென்சார் களைத்திருக்கிறது.

லென்ஸுக்கு இன்னும் பொறுமை வேண்டும். இரு பக்க மூடியையும் எடுத்துவிட்டு, ஒரு முனையிலிருந்து டார்ச் அடித்து மறுமுனை வழியாகச் சாய்வாகப் பாருங்கள். ஓரிரு தூசி இருந்தால் படத்தில் தெரியாது. ஒட்டடை நூல் போலக் கிளை பிரிந்து ஓடினால் அது ஃபங்கஸ். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். கண்ணாடியின் மேல்பூச்சை அரித்திருந்தால் துடைத்தாலும் தடம் போகாது. பிறகு செய்தித்தாளின் ஒரு முழுப் பக்கத்தைச் சுவரில் ஒட்டி, நேர் எதிரே நின்று, அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து எடுங்கள். நான்கு மூலையும் ஓரளவு ஒரே மாதிரி மங்கினால் அது லென்ஸின் இயல்பு. ஒரு பக்கம் மட்டும் கலங்கினால் கீழே விழுந்த லென்ஸ். ஐஎஸ் அல்லது விஆர் உள்ளதென்றால் 1/10 நொடியில் அதைப் போட்டும் அணைத்தும் எடுத்து ஒப்பிடுங்கள். நிகானின் டிஎக்ஸ் ஏஎஃப்-பி லென்ஸில் அதற்குத் தனிப் பட்டன் இருக்காது, மெனுவில் தேட வேண்டும்.

பழைய பில் இருந்தால் அதிலுள்ள சீரியல் எண்ணும் பாடியின் அடியில் உள்ளதும் ஒன்றா என்று பார்த்துவிட்டு, பில்லையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மீதி ஐந்தாயிரம்

128 ஜிபி கார்டு ஒன்றுக்குப் பதில் 32 ஜிபி கார்டு இரண்டு. ஒன்று கெட்டாலும் பாதிப் படமாவது மிஞ்சும். கேமரா கம்பெனியின் அசல் பேட்டரி ஒன்று. தூசி ஊதும் ரப்பர் பந்து, மென்மையான துணி. லென்ஸுக்கு உரிய ஹூட் வாங்குங்கள்; பக்க வெயிலைத் தடுக்கும், கைதவறி இடித்தால் முதலில் அது அடி வாங்கும். யூவி ஃபில்டர் கடற்கரையில் உப்புக் காற்றுக்கும் மணலுக்கும் நல்லது, மற்ற நேரம் கழற்றி வைக்கலாம். ஆயிரம் ரூபாய் டிரைபாட் காற்றில் ஆடும். பணம் சேரும்வரை மதில், மேசை, மாடிப்படிக் கைப்பிடி எதிலாவது கேமராவை வைத்து எடுங்கள்.

ஈரம் புகாத பெட்டிக்கு வருகிறேன். சென்னை, நாகப்பட்டினம், கன்னியாகுமரி போன்ற கடலோர ஊர்களில் லென்ஸைக் கொல்வது ஈரம்தான். இலவசமாக வந்த பையிலோ, தோல் உறையிலோ, இருட்டுப் பீரோவிலோ மழைக்காலம் முழுவதும் கிடந்த லென்ஸில் ஃபங்கஸ் பிடிக்கும். மின்சாரத்தில் ஓடும் உலர் அலமாரி விலை அதிகம். காற்றுப் புகாத பெரிய பிளாஸ்டிக் டப்பா, சிலிகா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஆகிய மூன்றும் சில நூறு ரூபாயில் முடியும். மீட்டர் 40க்கும் 50க்கும் இடையில் நிற்க வேண்டும். அதற்கு மேல் ஏறினால் ஜெல்லைச் சமையலுக்குப் பயன்படாத பாத்திரத்தில் லேசாகச் சூடாக்கி, ஆறியதும் திரும்பப் போடுங்கள். அரிசி வேண்டாம், அதன் தூசி லென்ஸுக்குள் போகும். வாரம் ஒரு முறையாவது எடுத்து வெளிச்சத்தில் நாலு படம் எடுப்பதும் லென்ஸுக்கு நல்லது.

அடுத்த லென்ஸ் எப்போது

குறைந்தது ஆறு மாதமாவது எதுவும் வாங்காதீர்கள். அதன்பின் கிட் லென்ஸில் எடுத்த படங்களில் உங்களுக்குப் பிடித்தவற்றைப் பொறுக்கி, ஒவ்வொன்றும் எத்தனை மி.மீ.யில் எடுக்கப்பட்டது என்று பாருங்கள். படத்தின் விவரத்திலேயே இருக்கும். பெரும்பாலும் 18இல் நிற்கிறதென்றால் உங்களுக்கு இடம் போதவில்லை. கேனானில் 10-18 எஸ்டிஎம் விலைக்கு மீறிய நல்ல லென்ஸ். 55இல் முட்டிக்கொண்டு நிற்கிறதென்றால் 55-250 அல்லது 70-300. இரண்டுக்கும் நடுவில் பரவலாக இருந்து, வெளிச்சம் மட்டுமே குறை என்றால் டாம்ரான் 17-50 எஃப் 2.8ஐச் செகண்ட் ஹேண்டில் தேடுங்கள். நிகானுக்கு வந்த அதன் முதல் பதிப்பில் மோட்டார் இல்லை என்பதால், அங்கேயும் பாடியைக் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பார்த்தே வாங்குங்கள்.